பிரான்சில் மேசை இருக்கிறது, அடுப்புதான் ஆலைக்குப் போய்விட்டது

பகல் ஒரு மணிக்கு பிரான்சில் பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேச்சுக்காகச் சொல்லவில்லை. மக்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று அந்நாட்டின் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே 2010ல் கணக்கெடுத்தபோது தெரியவந்த விஷயம் இது. அந்தக் கணக்கை வரைபடமாகப் போட்டால் காலை, பகல், இரவு என்று மூன்று முகடுகள் எழும். இரண்டு முகடுகளுக்கு நடுவே பெரும்பாலும் வெறும் பள்ளம்தான். அமெரிக்காவுக்கு இதே படத்தைப் போட்டால் முகடுகள் இவ்வளவு தெளிவாக வராது. அங்கே நாள் முழுக்க யாராவது எதையாவது தின்றுகொண்டிருப்பார்கள்.

இதே நாட்டைப் பற்றி இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒபேப்பி என்ற பெயரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ஆய்வின்படி, 1997ல் பிரெஞ்சுப் பெரியவர்களில் 8.5 சதவீதம் பேருக்கு உடல் பருமன் இருந்தது. 2012ல் அது 15 சதவீதம் ஆனது. 2020ல் 17 சதவீதம். கால் நூற்றாண்டு முடிவதற்குள் இரண்டு மடங்கு. ஆட்களின் எண்ணிக்கையில் சொன்னால் ஏறக்குறைய 85 லட்சம் பேர். இங்கே உடல் பருமன் என்பது உடல் நிறை குறியீடு 30ஐத் தொட்டவர்களைக் குறிக்கும். ஐந்தடி ஏழு அங்குல உயரம் உள்ள ஒருவர் 87 கிலோ எடையைத் தொட்டால் அந்தக் கணக்குக்குள் வந்துவிடுவார். குறியீடு 25ஐத் தாண்டிய அதிக எடைக்காரர்களையும் சேர்த்தால் 47 சதவீதம். அதாவது இரண்டு பேரில் ஒருவர் என்னும் நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

ஒபேப்பியில் எடையையும் உயரத்தையும் மக்கள் தாங்களே எழுதிக் கொடுப்பதால், குறைத்துச் சொல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் ஆட்களை நிறுத்தி அளந்து பார்த்த 2015ஆம் ஆண்டின் எஸ்தெபான் ஆய்விலும் அதே 17 சதவீதம்தான் வந்தது. ஆகவே எண்ணைச் சந்தேகிக்கப் பெரிதாக இடமில்லை.

அமெரிக்காவில் பத்தில் நான்கு பேருக்கு உடல் பருமன். அதோடு ஒப்பிட்டால் பிரான்ஸ் இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த ஏற்றம் பலரைத் திகைக்க வைத்தது. காரணம், வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் ஒயினும் சாப்பிட்டுக்கொண்டே மெலிந்திருக்கும் மனிதர்கள் என்று உலகம் இவர்களைப் பற்றி ஒரு கதையை நெடுநாளாகச் சொல்லிவந்ததுதான்.

அந்தக் கதைக்குப் பெயர் 'பிரெஞ்சு முரண்'. 1991 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வரும் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி அதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கொழுப்பு அவ்வளவு சாப்பிட்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு ஏன் குறைவாக வருகிறது என்பது கேள்வி. பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் ரெனோ, சிவப்பு ஒயின் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். அடுத்து வந்த மாதங்களில் அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை தாவி ஏறியது. உலகம் தவறான பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பார்த்திருக்க வேண்டியது தட்டை.

தட்டைப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய குழுவும் பாரிஸையும் ஃபிலடெல்ஃபியாவையும் ஒப்பிட்டு 2003ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே வகையான உணவகங்களில் பரிமாறப்படும் உணவை எடைபோட்டால், பாரிஸில் சராசரியாக 277 கிராம், ஃபிலடெல்ஃபியாவில் 346 கிராம். கடையில் விற்கும் தயிர்க் கோப்பை அமெரிக்காவில் 82 சதவீதம் பெரியது. மெக்டொனால்ட்ஸில் உட்கார்ந்து சாப்பிட பாரிஸ்காரர்கள் சராசரியாக 22 நிமிடம் எடுத்துக்கொண்டார்கள், ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் 14 நிமிடம். குறைவான உணவை அதிக நேரம் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று நம் ஊரில் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த 22 நிமிடம் பாரிஸ்காரரின் மனவுறுதியால் வந்ததல்ல. சாப்பாட்டு நேரம் என்று ஒன்று அந்த நாட்டில் சட்டத்தாலும் வழக்கத்தாலும் காக்கப்பட்டு வந்தது. வேலை செய்யும் இடத்திலேயே தொழிலாளர்களைச் சாப்பிட விடக்கூடாது என்று பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. 2021 பிப்ரவரியில், கொரோனா காலத்தில், அந்த விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். அப்போதுதான் இப்படி ஒரு விதி இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. உணவகத்தில் கொடுத்துச் சாப்பிடுவதற்கான சீட்டில் குறைந்தது பாதிப் பணத்தை முதலாளி போடும் முறைக்கு 1967லேயே சட்ட வடிவம் கொடுத்துவிட்டார்கள். பள்ளிகளில் காந்தீன் என்னும் சாப்பாட்டுக்கூடம் இருக்கும். முதலில் ஒரு காய்கறிக் கலவை, பிறகு முக்கிய உணவு, அப்புறம் பாலாடைக்கட்டி அல்லது தயிர், கடைசியில் பழம் என்று வரிசையாகக் கொடுப்பார்கள். மாலை நாலு மணிக்குக் குழந்தைகளுக்கு ஒரு சிற்றுண்டி. அதற்குப் பெயரே 'நாலு மணி'. அதன்பின் இரவுச் சாப்பாடு வரை எதுவும் கிடையாது.

நடுவில் எதையாவது வாயில் போடுவதற்கு பிரெஞ்சில் 'கிரிஞோத்தே' என்று சொல்வார்கள். எலி பல்லால் அரிப்பதற்கும் அதே சொல்தான். நாம் அணில் கொறிப்பதற்கும் மனிதன் கொறிப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதைப் போல. ஆனால் நம் 'கொறித்தல்' செல்லமான சொல், அவர்களுடையதில் கொஞ்சம் கண்டிப்பு கலந்திருக்கிறது. உணவைச் சமூகவியலாகப் படித்த குளோத் ஃபிஷ்லர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம், பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாப்பாடு என்றால் அது சேர்ந்து உட்காருவது என்பதுதான். 2010ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்ததும் குறிப்பிட்ட ஒரு பிரெஞ்சுப் பண்டத்தை அல்ல. முக்கியமான நாட்களில் எல்லோரும் கூடி, வரிசை முறையோடு உண்ணும் 'பிரெஞ்சு விருந்து' என்ற வழக்கத்தையே சேர்த்தார்கள்.

சரி, இவ்வளவும் இருந்தும் எடை ஏன் ஏறியது?

மேசை காலியாகிவிட்டது என்று சொன்னால் எளிதாக முடிந்துவிடும். ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2010ல் ஒரு பிரெஞ்சுக்காரர் சாப்பிடச் செலவிட்ட நேரம் சராசரியாக நாளுக்கு 2 மணி 22 நிமிடம். 1986ஐவிட அது 13 நிமிடம் அதிகம். குறைந்தது வேறு ஒரு நேரம். வீட்டில் சமைக்கும் நேரம் அதே காலகட்டத்தில் 1 மணி 11 நிமிடத்திலிருந்து 53 நிமிடமாக இறங்கியது. உட்காரும் நேரம் குறையவில்லை, சமைக்கும் நேரம் கால் பங்கு போய்விட்டது. அப்படியானால் அந்தச் சமையலை யாரோ வேறு எங்கோ செய்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இந்த இடமாற்றத்தைத்தான்.

அது ஒரு நாளில் நடந்ததல்ல. 1963 ஜூனில் பாரிஸுக்குத் தெற்கே செந்த்-ழெனவியேவ்-தே-புவா என்ற ஊரில் கார்ஃபூர் நிறுவனம் நாட்டின் முதல் ஹைப்பர் மார்க்கெட்டைத் திறந்தது. இறைச்சி, காய், துணி, பெட்ரோல் எல்லாம் ஒரே இடத்தில், காரை நிறுத்த விரிந்த இடத்தோடு. அதுவரை தினமும் ரொட்டிக் கடை, கசாப்புக் கடை, காய்கறிச் சந்தை என்று கால்நடையாகப் போய் வாங்கிய குடும்பங்கள், வாரம் ஒருமுறை காரில் போய்ப் பெட்டி நிறைய ஏற்றிவரும் பழக்கத்துக்கு மாறின. வாரம் முழுக்கக் கெடாமல் இருக்க வேண்டும் என்றால் உணவும் அதற்கேற்ற உணவாகத்தானே இருக்கும்? பெண்கள் பெருமளவில் சம்பள வேலைக்குப் போனார்கள். ஆனால் வீட்டு அடுப்பைப் பகிர்ந்துகொள்ள ஆண்கள் அதே வேகத்தில் முன்வரவில்லை. அந்த இடைவெளியை உறைந்த உணவும் மைக்ரோவேவ் அடுப்பும் நிரப்பின. பிக்கார் என்ற கடையில் உறைந்த பண்டங்களைத் தவிர வேறு எதுவும் பெரிதாக இருக்காது. பிரெஞ்சுக்காரர்கள் மிகவும் விரும்பும் கடைகளில் அதுவும் ஒன்று. உணவகங்கள்கூட ஆலையில் செய்த உணவைச் சூடுபடுத்திப் பரிமாறத் தொடங்கியதால், உண்மையிலேயே அங்கே சமைத்ததை அடையாளம் காட்ட 'வீட்டுச் சமையல்' என்ற முத்திரையை அரசு 2014ல் கொண்டுவர வேண்டியிருந்தது. சமையலுக்குப் பெயர்போன ஒரு நாட்டில் இப்படி ஒரு முத்திரை தேவைப்பட்டது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பழைய உணவின் தூண்களும் சரிந்தன. 1900 வாக்கில் ஒரு பிரெஞ்சுக்காரர் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 900 கிராம் ரொட்டி சாப்பிட்டார். இன்று அது நூறு கிராமைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 2022ல் நீளமான பகெத் ரொட்டியின் செய்முறையும் அதைச் சுற்றிய பண்பாடும் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போயின. காக்க வேண்டிய நிலைக்கு வந்ததால்தான் போயின என்றும் சொல்லலாம். 1960ல் ஆளுக்கு ஆண்டுக்கு 120 லிட்டருக்கு மேல் இருந்த ஒயின், சுமார் 40 லிட்டராக இறங்கிவிட்டது. ஒயின் குறைந்தது நல்லதுதான். ஆனால் சாப்பாட்டு மேசையில் அது விட்டுப்போன இடத்துக்குப் பல வீடுகளில் சர்க்கரைப் பானம் வந்தது.

துரித உணவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. ஆனால் வழக்கமாகச் சொல்லும் விதம் பாதிதான் சரி. மெக்டொனால்ட்ஸ் தன் பிரெஞ்சுக் கணக்கைத் தொடங்குவது 1979ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் திறந்த கடையிலிருந்து. 1999 ஆகஸ்டில் மியோ என்ற ஊரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மெக்டொனால்ட்ஸை ஜோசே போவே என்ற ஆட்டுப்பண்ணை விவசாயி தன் தோழர்களோடு பிரித்துப் போட்டார். ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கு அமெரிக்கா விதித்த தண்டனை வரிக்கு எதிர்ப்பு அது. 'மல்பூஃப்', அதாவது மட்டமான தீனி, என்ற சொல்லை நாடு முழுக்கப் பரப்பியது அந்தச் சம்பவம்தான். போவே வீரரானார், சிறைக்கும் போனார். ஆனால் பிரான்ஸ் அந்த நிறுவனத்துக்கு அமெரிக்காவுக்கு அடுத்து அதிக லாபம் தரும் நாடுகளில் ஒன்றாகிவிட்டது. இன்று 1,500க்கு மேற்பட்ட கடைகள்.

அங்கேயும் மேசை விடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிரெஞ்சுக்காரர்கள் மெக்டொனால்ட்ஸுக்கும் சாப்பாட்டு வேளையில்தான் போகிறார்கள், கூட்டமாகப் போகிறார்கள், உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். உணவகத் துறையைக் கணக்கெடுக்கும் கீரா கோன்செய் நிறுவனத்தின்படி, 2017ல் பர்கர் விற்பனை, பகெத்துக்குள் வெண்ணெயும் பன்றித் தொடைக்கறியும் வைக்கும் ஜம்போன்-பேர் சாண்ட்விச்சை முதன்முறையாக முந்தியது. அந்தப் பர்கர்களில் பெரும்பகுதி துரித உணவுக் கடையில் விற்றதல்ல, மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறும் சாதாரண உணவகங்களில் விற்றது. கத்தியும் முள்கரண்டியும் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். சடங்கு மாறவில்லை, தட்டில் இருப்பது மாறிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம் இன்னும் பெரியது. ஆலையில் பல கட்டங்களாகப் பதப்படுத்தி, நம் வீட்டு அலமாரியில் இல்லாத மாவுப்பொருள், சுவையூட்டி, நிறமி, பால்மமாக்கி எல்லாம் சேர்த்துச் செய்யும் உணவை அதீதப் பதப்படுத்தல் உணவு என்கிறார்கள். காலையில் சாப்பிடும் சீரியல், பாக்கெட் ரொட்டி, பழச்சுவைத் தயிர், பிஸ்கட், உடனடி சூப், உறைந்த பிட்சா என்று பட்டியல் நீளும். பிரெஞ்சுப் பெரியவர்கள் பெறும் கலோரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி வருகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது பாதிக்கு மேல். 2009ல் தொடங்கிய நூட்ரிநெட்-சாந்தே என்ற பெரிய ஆய்வில் லட்சத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சு மக்கள் தாங்கள் சாப்பிடுவதை இணையத்தில் பதிந்து வருகிறார்கள். அதை வைத்து மத்தில்ட் தூவியே குழுவினர் 2018ல் வெளியிட்ட முடிவு உலகச் செய்தியானது. உணவில் இந்த வகையின் பங்கு 10 சதவீதப் புள்ளி கூடும்போது புற்றுநோய் ஆபத்தும் 12 சதவீதம் கூடுவதோடு தொடர்பு இருந்தது. இது தொடர்புதான், காரணம் இதுவே என்ற நிரூபணம் அல்ல என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். எடை விஷயத்திலும் அதே திசையில்தான் முடிவுகள் வந்தன. மெல்ல வேண்டிய வேலை குறைவு, கலோரி செறிவு அதிகம், வயிறு நிறைந்ததை உடல் உணர்வதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது. 22 நிமிடம் உட்கார்ந்தாலும் அந்த நேரத்துக்குள் போகும் கலோரி பழைய அளவில் இல்லை.

யாருடைய எடை ஏறியது

இதுவரை 'பிரெஞ்சுக்காரர்கள்' என்று பொதுவாகச் சொல்லிவந்தேன். அது நியாயமில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறவில்லை. 2020 ஒபேப்பி கணக்கில், உயர் பொறுப்பில் இருப்பவர்களிடையே உடல் பருமன் சுமார் 10 சதவீதம், தொழிலாளர்களிடையே 18. பாரிஸைச் சுற்றிய இல்-த-பிரான்ஸ் பகுதியில் 14 சதவீதம், வடக்கே பெல்ஜியம் எல்லையை ஒட்டிய ஓ-த-பிரான்ஸ் பகுதியில் 22 சதவீதம். ரயிலில் ஒரு மணி நேரம் வடக்கே போனால் நாடே வேறு நாடு.

அந்த வடக்கு, ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கமும் நெசவாலையும் நிறைந்த பூமி. சுரங்கத்தில் எட்டு மணி நேரம் கரியை வெட்டியவனுக்கு உருளைக்கிழங்கு வறுவலும் பன்றிக் கொழுப்பும் பீரும் தேவைப்பட்டன, செரிக்கவும் செய்தன. 1990 டிசம்பரில் ஒய்ஞி ஊரில் கடைசிச் சுரங்கத்தை மூடினார்கள். அங்குள்ள ரூபே நகரின் நெசவாலைகள் அதற்கு முன்பே விழத் தொடங்கியிருந்தன. உடலுழைப்பு போய்விட்டது, சம்பளம் போய்விட்டது. தெருவோர வறுவல் கடைகள் மட்டும் மிச்சம். இருக்கும் வேலையும் பெரிய கிடங்குகளில் மூன்று ஷிப்ட், அல்லது அதிகாலையிலும் இரவிலும் துண்டு துண்டாக வரும் துப்புரவு வேலை. பகல் ஒரு மணிக்கு எல்லோரும் சேர்ந்து உட்காரும் நாடு என்று முதலில் சொன்னேனே, அந்த ஒரு மணி இவர்களுக்கு இல்லை. தாய் ஒரு வேளைக்கு, தகப்பன் ஒரு வேளைக்கு, பிள்ளைகள் டிவி முன்னால் ஒரு வேளைக்கு.

விலையும் சேர்ந்து அழுத்துகிறது. காய், பழம், மீன் இவற்றில் ஒரு கலோரிக்கு ஆகும் செலவு, மாவும் எண்ணெயும் சர்க்கரையும் தரும் கலோரியைவிடப் பல மடங்கு. கையில் பணம் குறையும்போது முதலில் குறைவது காய்கறிதான். 2022லும் 2023லும் சேர்த்து உணவு விலை சுமார் 20 சதவீதம் ஏறியது. 2022 நவம்பரில் க்ரெடொக் ஆய்வு மையம் கேட்டபோது, நூற்றுக்கு 16 பேர் போதுமான அளவு சாப்பிடக் கிடைப்பதில்லை என்றார்கள். 2016ல் அது 9 பேர். கொலூஷ் என்ற நகைச்சுவைக் கலைஞர் 1985ல் தொடங்கிய இலவச உணவு அமைப்பான ரெஸ்தோ து கேர், 2023ல் கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் சிலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும் என்று பகிரங்கமாக அறிவித்தது. பசியும் பருமனும் எதிரெதிர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே தெருவில், சில நேரம் ஒரே வீட்டில், இரண்டும் சேர்ந்தே குடியிருக்கின்றன.

இளைஞர்களின் கணக்குதான் எனக்கு மிகவும் கவலை தருவது. 18 முதல் 24 வயதுக்குள் உடல் பருமன் 1997ல் 2 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2020ல் 9 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மொத்த நாட்டுக்கு இரண்டு மடங்கு, இவர்களுக்கு நாலு மடங்கு. கெபாப், வீட்டு வாசலுக்கு வரும் டெலிவரி இதெல்லாம் இவர்கள் வளர்ந்த உலகம். 'பிரெஞ்சு டாகோஸ்' என்று ஒன்று இருக்கிறது. மெக்சிகோவுக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. லியோன், கிரெனோபிள் பக்கத்துப் புறநகர்களில் பிறந்தது. ரொட்டிக்குள் இறைச்சியும் வறுவலும் பாலாடைக்கட்டிச் சாறும் வைத்து மடித்துச் சுட்டது. வயிறு நிறையும், ருசிக்கும், மாணவன் கையில் இருக்கும் காசுக்குக் கிடைக்கும். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நாடு குறை சொல்கிறது. மேற்கு ஐரோப்பாவில் மிக மெலிந்த பெண்களின் வரிசையில் பிரெஞ்சுப் பெண்களும் உண்டு. ஒல்லியாக இருப்பது அங்கே ஒழுக்கம் மாதிரி. பருமனாக இருப்பவரைத் தன்னை அடக்கத் தெரியாதவர் என்று பார்க்கும் பழக்கம் ஆழமாக இருக்கிறது. உடல் தோற்றத்தை வைத்து வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2001லேயே சட்டம் வந்தும் அது மாறவில்லை.

கரும்புத் தீவில்

தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று இந்தக் கதையில் உண்டு. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம். 1848ல் அடிமை முறையை ஒழித்தபின், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அவர்கள் வழிவந்தவர்களை அங்கே 'மலபார்' என்பார்கள். தீவின் சாப்பாடு நமக்கு அந்நியமானதல்ல. சோறு, அதன்மேல் பருப்பு அல்லது பீன்ஸ், 'காரி' என்னும் குழம்பு, பக்கத்தில் மிளகாய் அரைத்த 'ருகாய்'. தோட்டத்தில் வேலை செய்த உடலுக்கு அது போதுமானதாக இருந்தது. 1946ல் தீவு பிரெஞ்சு மாவட்டமாகி, பிறகு சாலையும் காரும் சூப்பர் மார்க்கெட்டும் வந்தன. சோற்றின் அளவு குறையவில்லை, அதற்கு மேல் குளிர்பானமும் பாக்கெட் தின்பண்டமும் சேர்ந்தன. இன்று அங்கே நீரிழிவு பிரான்சின் பெருநிலப் பகுதியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதற்குமேல் ஓர் அநியாயமும் நடந்தது. ஒரே பெயரில் விற்ற தயிரிலும் குளிர்பானத்திலும், கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கு அனுப்பியதில் சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். அங்குள்ளவர்களுக்கு இனிப்பு பிடிக்கும் என்பது சொன்ன காரணம். கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பைச் சேர்ந்த அரசியல்வாதி விக்தோரன் லூரெல் பெயரால் அழைக்கப்படும் 2013 ஜூன் மாதச் சட்டம்தான் இதைத் தடை செய்தது. கரும்பு வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அளவுக்கு மீறிச் சர்க்கரை கொடுப்பதை நிறுத்த, 21ஆம் நூற்றாண்டில் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

அரசு செய்ததும் செய்யாததும்

பிரெஞ்சு அரசு சும்மா இருக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2001ல் தேசிய ஊட்டச்சத்துத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 'நாளுக்கு ஐந்து பழமும் காயும்' என்ற வாசகம் அங்கே சின்னக் குழந்தைக்கும் மனப்பாடம். 2005 செப்டம்பரில் பள்ளிகளிலிருந்து தின்பண்டம், குளிர்பானம் விற்கும் இயந்திரங்களை அகற்றினார்கள். 2007லிருந்து உணவு விளம்பரங்களின் கீழே 'கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்தவற்றைத் தவிருங்கள்', 'வேளைகளுக்கு நடுவில் கொறிக்காதீர்கள்' என்ற வரிகள் ஓடுகின்றன. 2011 ஆணைப்படி பள்ளிச் சாப்பாட்டில் 20 வேளைகளில் எண்ணெயில் பொரித்தது நான்குக்கு மேல் கூடாது. உப்பும் கெட்சப்பும் பிள்ளைகள் இஷ்டத்துக்கு எடுக்கும்படி வைக்கக்கூடாது, தண்ணீரும் ரொட்டியும் வேண்டிய அளவு. 2012ல் குளிர்பானத்துக்கு வரி. தொடக்கத்தில் ஒரு கேனுக்கு இரண்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல்தான். 2018ல் சர்க்கரை அளவுக்கு ஏற்ப ஏறும்படி மாற்றினார்கள், 2025ல் இன்னும் உயர்த்தினார்கள். 2017ல் உணவகங்களில் குளிர்பானத்தை இலவசமாக மறுபடி மறுபடி நிரப்புவதையும் தடை செய்தார்கள்.

அதே 2017ல் வந்ததுதான் நியூட்ரி-ஸ்கோர். செர்ஜ் எர்க்பெர்க் என்ற ஊட்டச்சத்து அறிஞரின் குழு உருவாக்கியது. பொட்டலத்தின் முன்பக்கம் கரும்பச்சை ஏ முதல் சிவப்பு ஈ வரை ஐந்து எழுத்துகள். படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் புரியும். ஆனால் ஐரோப்பிய ஒன்றிய விதிகளால் இதைக் கட்டாயமாக்க முடியவில்லை, நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டார்கள். ரோக்ஃபோர் செய்பவர்கள் தங்களுக்குச் சிவப்பு விழுவதைக் கண்டு கொதித்தார்கள். நூற்றாண்டுகளாகக் குகையில் முதிரும் பாலாடைக்கட்டியும் ஆலையில் செய்த பிஸ்கட்டும் ஒரே நிறமா என்று கேட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நியூட்ரி-ஸ்கோர் நூறு கிராமில் எவ்வளவு கொழுப்பு, உப்பு, சர்க்கரை என்று பார்க்கிறது, எப்படிச் செய்தது என்று பார்ப்பதில்லை. ஆனாலும் கடை அலமாரி முன் நிற்கும் ஒருவருக்கு இரண்டு சீரியல் பெட்டிகளில் எது மேல் என்று காட்ட இதைவிட எளிய வழி இதுவரை வரவில்லை. 2025ல் கணக்கை இன்னும் கடுமையாக்கினார்கள். சர்க்கரைத் தயிர்ப் பானங்கள் சிலவற்றின் மதிப்பெண் இறங்கியது. அதற்கு முன்பே ஒரு பெரிய நிறுவனம் தன் பானங்களிலிருந்து அந்த முத்திரையை எடுத்துவிட்டது. விருப்பத்துக்கு விட்டால் இதுதான் நடக்கும்.

குழந்தைகளை நோக்கி வரும் தீனி விளம்பரங்களை மொத்தமாகத் தடை செய்ய நாடாளுமன்றத்தில் பலமுறை முயன்றார்கள், தொழில்துறையின் எதிர்ப்பில் ஒவ்வொரு முறையும் நின்றுபோயிற்று. அரசு செய்யாமல் விட்டதில் இதுதான் பெரியது என்பேன். விளம்பரத்தின் கீழே ஓடும் அறிவுரை வரி, மேலே ஆடும் வண்ணப்படத்துக்கு ஈடாகாது.

மருந்து வழியும் திறந்திருக்கிறது. 2024 அக்டோபரில், உடல் எடையைக் குறைக்கும் வீகோவி ஊசி பிரான்சில் விற்பனைக்கு வந்தது. ஆனால் அரசுக் காப்பீடு அதன் செலவை ஏற்கவில்லை, மாதாமாதம் நூற்றுக்கணக்கான யூரோ நோயாளியின் பையிலிருந்தே போனது. தேவை அதிகமுள்ள வடக்கில்தான் அந்தப் பணம் குறைவு.

இதே வடக்கில் ஃப்லெர்பே, லவாந்தி என்று இரண்டு சின்ன ஊர்கள் இருக்கின்றன. 1992ல் அங்கே ஒரு முயற்சி தொடங்கியது. முதலில் பள்ளி ஆசிரியர்கள் உணவைப் பாடத்துக்குள் கொண்டுவந்தார்கள். சமையல் வகுப்பு, குடும்பத்தோடு காலை உணவு, உணவு விளையும் இடத்தையும் செய்யும் இடத்தையும் போய்ப் பார்ப்பது. சில ஆண்டுகள் கழித்து உணவியல் நிபுணர்களை வேலைக்கு எடுத்தார்கள். விளையாட்டு இடங்கள் கட்டினார்கள், பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போக ஏற்பாடு செய்தார்கள். ஊராட்சி, மருத்துவர், கடைக்காரர் எல்லோரும் சேர்ந்தார்கள். முதல் எட்டு ஆண்டுகளில் பலன் எதுவும் தெரியவில்லை. நாட்டின் மற்ற பகுதிகளைப் போலவே பிள்ளைகளின் எடை ஏறிக்கொண்டுதான் இருந்தது. விட்டுவிடவில்லை. 2004ல் அளந்தபோது அந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகளில் அதிக எடை உள்ளவர்கள் 8.8 சதவீதம். ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட அதே பகுதியின் வேறு இரண்டு ஊர்களில் 17.8 சதவீதம். இரண்டு இடங்களிலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளையும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளையும் தனித்தனியே பார்த்தார்கள். ஃப்லெர்பே, லவாந்தியில் இரண்டு வகை வீடுகளிலும் அதிக எடை உள்ள பிள்ளைகள் குறைவாக இருந்தார்கள்.

இன்று பாரிஸ் பள்ளிகளில் வருமானம் மிகக் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு மதியச் சாப்பாட்டின் விலை 13 சென்ட், வசதியான வீட்டுப் பிள்ளைக்கு 7 யூரோ. இரண்டு பேரும் ஒரே மேசையில் ஒரே உணவைச் சாப்பிடுகிறார்கள். குறைந்தது அரை மணி நேரமாவது உட்கார வைத்துச் சாப்பிட விட வேண்டும் என்பது அங்கே பள்ளிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கும் கணக்கு.